சேர்ந்து மிதிப்போம்: சரீர சுகமும் மனமகிழ்ச்சியும்



மனிதன் சரீரமும் ஆத்துமமும் கூடிய சிருஷ்டி என்பது நாம் சிறு பிராயத்தில் ஞானோபதேச வகுப்பில் கற்ற முதற் பாடங்களில் ஒன்று. ஆத்துமத்தைப் பற்றி இப்பக்கங்களில் அடிக்கடி வாசிக்கிறீர்கள். சரீரத்தைப் பற்றி வாசிப்பது குறைவு. ஆனால் ஐந்தாம் கற்பனை பிறருடைய உயிரை மாத்திரமல்ல, நம்முடைய உயிரையும் சுகத்தையும் காப்பாற்ற நம்மைக் கடமைப்படுத்துகிறது. 1992-ம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2288-ம் எண்ணில் இதையே போதிக்கிறது. உயிரும் சுகமும் சர்வேசுரன் நம்மிடம் ஒப்புவித்த கொடைகள். அவற்றுக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இக்கடமையில் நாம் எப்படி இருக்கிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-ல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, நம் தேசத்தில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகிய மூன்றில் ஒன்றுமே எட்டிப் பாராத வீடு நம்மில் அபூர்வம். வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “தினமும் அப்பியாசம் செய்யுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறார். நாமும் பத்து நாள் செய்கிறோம். பதினோராம் நாள் மழை. பன்னிரண்டாம் நாள் கலியாணம். பதின்மூன்றாம் நாள் அப்பியாசம் என்ற பேச்சே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? பலர் சோம்பல் என்று தங்களையே குற்றஞ்சாட்டிக்கொள்கிறார்கள். சோம்பல் தலையான பாவங்களில் ஒன்று என்பது உண்மையே. ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. நாம் தனியாகத் தொடங்குகிறோம். ஆகையால் தனியாகவே விட்டும் விடுகிறோம். நம்மை ஏன் காணோம் என்று கேட்க ஒருவரும் இல்லை. இதற்குப் பரிகாரமாக அநேகருக்கு உதவிவரும் ஓர் அப்பியாசத்தை இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்குள் பலர் ஒன்றுகூடி நிலைச் சைக்கிள் மிதிக்கும் பயிற்சியே அது.

1. இந்த அப்பியாசம் எத்தகையது?

சைக்கிளைப் பின்பக்க ஸ்டாண்டில் நிறுத்தி, சிறுவர்கள் ஏறி உட்கார்ந்து மிதிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. நிலைச் சைக்கிளும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு.

முதலாவது, இதில் முன்பக்கம் கனமான ஓர் இரும்புச் சக்கரம் இருக்கிறது. வழக்கமான மாதிரிகளில் அதன் எடை சுமார் 15 முதல் 20 கிலோ வரை வரும். காந்தத்தால் இயங்கும் புதிய மாதிரிகளில் அதற்குக் குறைவாகவும் இருக்கும். தெருச் சைக்கிளில் கால் நின்றாலும் ‘பிரீவீல்’ இருப்பதால் சக்கரம் தன்பாட்டில் ஓடும். இந்த வகுப்புகளில் பயன்படும் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும் வரையில் பெடலும் சுற்றும். பெடல் சுற்றும் வரையில் காலும் சுற்றியே ஆகவேண்டும்.

இரண்டாவது, ஹாண்டில்பாருக்குக் கீழே ஒரு திருகு இருக்கிறது. அதை வலப்புறம் திருப்பினால் சக்கரம் இறுகி, மலை ஏறுவதுபோல் மிதிப்பு கனக்கும். இடப்புறம் திருப்பினால் சமதரையில் போவதுபோல் இலேசாகும். எவ்வளவு கனம் வேண்டும் என்பதை அவரவர் கையே தீர்மானிக்கிறது.

ஒரு வகுப்பு பொதுவாக 45 நிமிஷம் நடக்கும். ஆசிரியர் முன்னால் ஒரு சைக்கிளில் அமர்ந்து, சங்கீதத்தின் தாளத்துக்கு ஏற்ப நடத்துவார். முதலில் உடலைச் சூடுபடுத்த இலேசான மிதிப்பு, பிறகு சமதரை, பிறகு ஏற்றம், மறுபடியும் சமதரை, கடைசியில் மெதுவாக ஓய்வுக்கு வருதல். சமதரையில் நிமிஷத்துக்கு 80 முதல் 110 சுற்றும், ஏற்றத்தில் 60 முதல் 80 சுற்றும் மிதிப்பது வழக்கமான அளவு.

2. இது பிறந்த வரலாறு

தனியே மிதிக்கும் நிலைச் சைக்கிள் பழைய சங்கதி. கையும் காலும் மிதித்துச் சுழற்றும் அப்பியாச இயந்திரம் ஒன்றுக்கு 1796-லேயே லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். 1912-ல் மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையிலும் நிலைச் சைக்கிள்கள் இருந்தன. ஆனால் பலரைச் சேர்த்து, சங்கீதத்தோடு, ஓர் ஆசிரியரின் கீழ் மிதிக்கச் செய்தவர் ஜானி கோல்ட்பெர்க். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் குடியேறிய சைக்கிள் வீரர் அவர். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்கு அவர் ஆயத்தம் செய்துவந்தார். இருட்டிலே, மோட்டார் வண்டிகளுக்கிடையே தெருவில் பழகுவது ஆபத்தாயிருந்ததால், வீட்டுக்குள்ளேயே மிதிக்கத்தக்க கனமான சைக்கிள் ஒன்றைத் தாமே செய்துகொண்டார். பிறகு மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 1980-களின் இறுதியில் இவ்வாறு தொடங்கிய வகுப்பு, 1990-களில் ‘ஸ்பின்னிங்’ என்ற பெயரால் தேசந்தோறும் பரவியது. இன்று நம் நகரங்களின் பெரிய உடற்பயிற்சிக் கூடங்களிலும் இது நடக்கிறது.

3. சேர்ந்து செய்வதில் விசேஷம் என்ன?

“மிதிப்பது என் கால்தானே? பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?” என்று கேட்கலாம். இக்கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கேட்டார். அதுவும் சைக்கிளைக் கொண்டே கேட்டார். அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளெட் என்பவர் பந்தயக் கணக்குகளை ஆராய்ந்து, தனியாக ஓட்டுபவரைவிடத் துணையோடும் போட்டியோடும் ஓட்டுபவர் வேகமாகப் போகிறார் என்று கண்டார். பிறகு 40 பிள்ளைகளைக் கொண்டு, தூண்டில் நூல் சுற்றும் ராட்டினத்தால் பரீட்சை செய்து 1898-ல் வெளியிட்டார். அதன் முடிவு கவனிக்கத்தக்கது. போட்டியிலே 20 பிள்ளைகள் வேகமாகச் சுற்றினர். 10 பேருக்கு வித்தியாசமில்லை. மற்றப் 10 பேரோ பதற்றத்தில் முன்னைவிடக் கெட்டுப்போயினர். அதாவது, போட்டி எல்லாரையும் உயர்த்துவதில்லை. சிலரை நசுக்கிவிடுகிறது.

போட்டியில்லாத துணை எப்படி? 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரிப் பெண்கள் நிலைச் சைக்கிள் மிதித்தார்கள். தனியாக மிதித்தவர்களைவிட, தங்களைக் காட்டிலும் சற்றுத் திறமையுள்ள ஒரு துணை திரையில் கூடவே மிதிப்பதாக நம்பியவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் மிதித்தார்கள். திரையில் கண்ட அத்துணை உண்மையில் முன்பே படம் பிடிக்கப்பட்டது. படத்திலுள்ள துணைக்கே இவ்வளவு பலன் என்றால், பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மிதிக்கும் அயலானால் எவ்வளவு பலன்!

மனமகிழ்ச்சிக்கும் சான்று உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் படகு வீரர்கள், அறைக்குள் துடுப்பு இயந்திரத்தைத் தனியாக ஒருமுறையும், கூட்டமாக ஒருமுறையும் இழுத்தார்கள். செலவிட்ட பலம் ஒன்றே. ஆனால் கூட்டமாக இழுத்தபின் அவர்கள் வலியைத் தாங்கும் சக்தி அதிகமாயிருந்தது. வலியைக் குறைத்துச் சந்தோஷத்தைத் தரும் ‘எண்டார்பின்’ என்னும் சுரப்பு கூட்டு முயற்சியில் அதிகம் ஊறுகிறது என்பது ஆய்வாளரின் கருத்து. அமெரிக்க மருத்துவ மாணவர் 69 பேரிடம் 12 வாரம் செய்து 2017-ல் வெளியான ஆய்விலோ, குழுவாக உடற்பயிற்சி செய்தவர்களின் மனப்பாரம் சுமார் 26 சதவீதம் குறைந்தது. தனியாகச் செய்தவர்கள் அதிலும் இரு மடங்கு நேரம் செய்தும் அத்தகைய குறைவைக் காணவில்லை. எந்தக் குழுவில் சேருவது என்பதை மாணவர்களே தெரிந்துகொண்டார்கள். ஆகையால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் அனுபவம் சொல்வதும் இதுதான் அல்லவா?

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் துக்கத்துக்கு மருந்து எது என்று விசாரிக்கிறார். அழுகை, சத்தியத்தைத் தியானித்தல் ஆகியவற்றோடு, சிநேகிதரின் அனுதாபத்தையும், உறக்கம், ஸ்நானம் போன்ற சரீர சுகங்களையும் அவர் மருந்தாகச் சொல்கிறார். சரீரம் சீர்ப்பட்டால் மனமும் தேறும் என்று அந்த மகா வேதபாரகர் எழுதி ஏறக்குறைய 750 வருஷமாகிறது.

4. இதில் நாம் கற்கும் ஞானப் பாடம்

இந்த அப்பியாசத்தில் ஒரு விசேஷ குணம் உண்டு. பலர் சேர்ந்து தெருவில் ஓடினால், பலசாலி முன்னே போவான், பலவீனன் பின்தங்குவான். பின்தங்கியவன் வெட்கப்பட்டு மறுநாள் வரமாட்டான். நிலைச் சைக்கிளிலோ ஒருவரும் பின்தங்க முடியாது. இருபது வயது வாலிபனும் அறுபது வயதுத் தாயும் அடுத்தடுத்து அமர்ந்து, ஒரே தாளத்துக்கு மிதித்து, ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். வாலிபனின் திருகு இறுக்கமாயிருக்கும். தாயின் திருகு தளர்வாயிருக்கும். அது அவரவருக்கு மட்டுமே தெரியும்.

அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இரண்டு காரியங்களைப் போதிக்கிறார். ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்கவேண்டும் என்கிறார். சில வரிகளுக்குப் பின், அவனவன் தன் சுமையைத் தானே சுமக்கவேண்டும் என்றும் சொல்கிறார். இவை ஒன்றுக்கொன்று விரோதம் போலத் தோன்றும். இந்த அறைக்குள் வந்து பார்த்தால் விளங்கிவிடும். என் சைக்கிளை நீங்கள் மிதிக்க முடியாது. அது என் சுமை. ஆனால் நீங்கள் பக்கத்தில் இருப்பதாலேயே நான் இறங்கி ஓடாமல் மிதிக்கிறேன். அவ்வாறு நீங்கள் என் பாரத்தைத் தாங்குகிறீர்கள். குடும்ப ஜெபமாலையும், கூட்டுத் தபசும், ஞாயிறு பூசையும் இந்த விதியின்படியே நடக்கின்றன. விசுவாசத்தை ஒருவனுக்குப் பதில் மற்றொருவன் கொள்ள முடியாது. ஆனால் தனியே முழங்காலில் நிற்க முடியாதவன், பத்துப் பேர் நடுவே நிற்கிறான்.

ஆகையால் பக்கத்துச் சைக்கிளின் திருகை எட்டிப் பார்க்காதீர்கள். அதிகம் மிதிப்பவனைக் கண்டு எரிவது காய்மகாரம். குறைவாக மிதிப்பவனைக் கண்டு நகைப்பது ஆங்காரம். இரண்டும் அறைக்குள் நுழைந்தால், டிரிப்ளெட்டின் அந்தப் பத்துப் பிள்ளைகளைப்போல் யாராவது ஒருவர் வராமல் நின்றுவிடுவார். வராமல் நின்றவரை விசாரித்து அழைத்து வருவது பிறர்சிநேகம்.

5. செய்யும் முறை

முதன்முதல் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

அ. சைக்கிளின் அருகே நின்று, சீட்டை இடுப்பெலும்பின் உயரத்துக்கு வையுங்கள். ஏறி அமர்ந்து பெடலைக் கீழே மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். முழுவதும் நீண்டால் சீட்டு உயரம். மிக மடங்கினால் தாழ்வு. முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆ. பாதத்தின் முன்பகுதி பெடலின்மேல் இருக்கட்டும். தோள்களைத் தளர்த்துங்கள். பாரத்தைக் கைகளில் போடாதீர்கள்.

இ. புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேஷ்டி நுனி ஆகியவை பெடலில் சிக்கும். அடக்கமானதும், உடலோடு ஒட்டி நிற்பதுமான உடை தரித்துக்கொள்ளுங்கள். ஷூ நாடாவை உள்ளே செருகிவிடுங்கள்.

ஈ. சுற்றும்போது திடீரென்று காலை எடுக்காதீர்கள். பிரீவீல் இல்லாத சக்கரம் பெடலைச் சுழற்றிக் காலில் அடிக்கும். நிறுத்தும் முறையை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல மாதிரிகளில் அந்தத் திருகையே அழுத்தினால் சக்கரம் நிற்கும்.

உ. அளவு இதுதான்: மிதித்துக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிந்தால் மத்தியமான உழைப்பு, இரண்டொரு வார்த்தைக்குமேல் பேச முடியாவிட்டால் கடின உழைப்பு. புதியவர்கள் முதல் சில வாரங்கள் முந்தியதோடு நிற்கட்டும்.

வாரத்துக்கு எவ்வளவு? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்னபடி, வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மத்தியமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடின உழைப்பு வேண்டும். மேலும் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும். வாரத்தில் மூன்று வகுப்பு என்றால் 135 நிமிஷம் ஆகிவிடும். மீதியை நடந்து தீர்க்கலாம். மிதிப்பது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைக்கும் நல்லது. மூட்டுகளை இடிப்பதும் இல்லை. ஆனால் எலும்புகளைப் பலப்படுத்த அது மட்டும் போதாது. ஆகையால் நடையையும் சிறு பளு தூக்குதலையும் விட்டுவிடாதீர்கள்.

6. ஓர் எச்சரிக்கை

இதை விசேஷமாய் வாலிபர்கள் கவனிக்கட்டும். முதல் வகுப்பிலேயே தங்கள் சக்திக்கு மிஞ்சி மிதித்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி வைத்தியப் பத்திரிகைகளில் பல குறிப்புகள் வந்திருக்கின்றன. பழக்கமில்லாத தொடைத் தசை நொறுங்கி, அதன் சத்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அப்பியாசம் செய்த ஓரிரு நாளில் தொடை கடுமையாக வீங்கி வலித்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். நல்ல பலமுள்ள இளைஞரும் இதற்கு ஆளானதுண்டு. முதல் நாளில் பாதி வகுப்போடு இறங்குவது அவமானமல்ல; அது விவேகம் என்னும் புண்ணியம்.

இருதய வியாதியோ, அதிக இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், கர்ப்பவதிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, அப்பியாசத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். பையில் மிட்டாயோ குளுக்கோஸோ வைத்திருங்கள். ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். மிதிக்கையில் மார்பு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

7. சில ஆட்சேபனைகளும் பதிலும்

“சுவாமி, கோயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?” இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, மலையுச்சியில் கிசாலோ மாதா கோயில் இருக்கிறது. அந்த மாதாவைப் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1949-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். பந்தய வீரர்களின் சைக்கிள்கள் அக்கோயிலில் காணிக்கையாகத் தொங்குகின்றன. 1938-லும் 1948-லும் பிரான்சு தேசப் பெரும் பந்தயத்தில் வென்ற ஜீனோ பார்த்தாலி, கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். யுத்த காலத்தில், 1943-லும் 1944-லும், பயிற்சிக்குப் போவதுபோல் நெடுந்தூரம் மிதித்து, சைக்கிள் குழாய்க்குள் மறைத்த பத்திரங்களைக் கொண்டுபோய் யூதர்களைக் காப்பாற்ற உதவினார். இதைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. 2000-ல் அவர் இறந்தபின், 2013-ல் இஸ்ரவேல் தேசத்து யாத் வஷேம் ஸ்தாபனம் அவரைக் கௌரவித்தது. பலத்த கால்கள் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

“ஞாயிறு காலையில்தான் வகுப்பு வசதி.” பூசைக்குப் பின் வசதியான நேரம் உண்டு. மேற்சொன்ன மறைக்கல்வி நூல் அடுத்த எண்ணிலேயே, சரீரத்தை விக்கிரகமாக்கி எல்லாவற்றையும் அதற்குப் பலியிடுவதைக் கண்டிக்கிறது. கண்ணாடியில் தோள் அகலத்தை அளக்கிறவன் முழங்காலின் பயனை மறந்துவிடக் கூடாது.

“எங்களிடம் கட்டணம் செலுத்தப் பணமில்லை.” மெய்தான், நல்ல கூடங்களின் கட்டணம் எல்லாருக்கும் எட்டாது. ஆனால் இந்தப் பாடத்தின் சாரம் சைக்கிளில் இல்லை. சேர்ந்து செய்வதில் இருக்கிறது. சொந்தச் சைக்கிள் உள்ள நாலு வீட்டார் விடியற்காலையில் ஒன்றாகப் புறப்படலாம். சைக்கிள் இல்லாதவர் சேர்ந்து நடக்கலாம். நேரமும் இடமும் ஆளும் நிச்சயமாயிருந்தால் போதும். ஸ்டாண்டு போட்ட தெருச் சைக்கிளில் மட்டும் கடின அப்பியாசம் செய்ய வேண்டாம், அது சாய்ந்துவிடும்.

“எனக்கு வயதாகிவிட்டது, துணையும் போய்விட்டது.” உங்களுக்காகவே இப்பாடம் முக்கியமாய் எழுதப்பட்டது. கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள் வீட்டுக்குள் அடைபட்டு, சரீரமும் மனமும் சேர்ந்து தளர்வதைக் காண்கிறோம். வாரத்தில் மூன்று நாள், “இன்று ஏன் பிந்தினீர்கள்?” என்று கேட்க நாலு பேர் இருப்பது எந்த மாத்திரையும் தராத ஆறுதல். வைத்தியரின் அனுமதியோடு, தளர்ந்த திருகோடு, நீங்களும் ஏறி அமரலாம்.

இவ்வாரப் பிரதிக்கினை

இதை வாசித்து முடித்த ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியம் செய்யட்டும். முதலாவது, வீட்டில் அப்பியாசம் தேவையான ஒருவரை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, “நீங்கள் போங்கள்” என்று சொல்லாமல், “நானும் வருகிறேன், சேர்ந்து போவோம்” என்று சொல்லுங்கள். மூன்றாவது, அயல்வீட்டிலே தனியாயிருக்கும் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நமது சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் போதிக்கிறார். ஆலயத்தைத் தனியொருவர் பெருக்கினால் களைத்துப்போவார். பலர் சேர்ந்தால் வேலை பாட்டோடு முடிகிறது. உங்கள் சரீரங்களுக்குச் சுகத்தையும், உங்கள் இருதயங்களுக்குச் சந்தோஷத்தையும், உங்கள் வீடுகளுக்குச் சமாதானத்தையும் சர்வேசுரன் தந்தருள்வாராக.

உங்கள் பங்குக் குரு